கொச்சி ஆபீசர் மறுபடியும் கொச்சிக்குப் போனது

காரோடு, பாறசாலை வழி.
ஞாயிறு, ஆராதனை முடிந்து மத்தியானம்.

பெருமதிப்பிற்குரிய செல்லையன் மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை சுகிர்தபாயின் புருஷன் கனகதாஸ் பணிவோடு எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய இரக்கத்தால் நாங்கள் இரண்டு பேரும் இங்கே சுகமாக இருக்கிறோம். அவளுக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறது, எனக்கு முழங்கால்தான் கட்டுக்குள் இல்லை. அங்கே பெங்களூரில் நீங்களும் மகன் ஜிஜியும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் குடும்ப ஜெபத்தில் பெயர் சொல்லிக் கேட்டுக்கொள்கிறோம். கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் பக்கம் பக்கமாக எழுதுகிறான் என்று உங்களுக்குத் தோன்றும். உங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம். நான் இங்கே நின்று கத்த, அங்கே மருமகள் போனை ஸ்பீக்கரில் போட, உங்கள் அடுக்குமாடியில் இருக்கிற அத்தனை பேரும் கேட்க, அப்படிச் சொல்லக்கூடிய காரியமில்லை இது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்து வாசியுங்கள்.

முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். எண்பத்து மூன்றாம் வருஷம் ஜூன் மாச மழையில், மாப்பிள்ளை விசாரிக்க நீங்கள் குடையும் கையுமாகக் கொச்சிக்கு வந்தீர்களே, அன்று கல்வத்தியில் அந்தத் தேயிலைக் கம்பெனி மாடியில், தலைக்கு மேல் ஃபேன் ஓட, மேஜையில் மணி வைத்துக்கொண்டு சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான்தான். ஆனால் அந்த நாற்காலி என்னுடையது இல்லை. ஹெட் கிளார்க் பை சாருடையது. கொங்கணிக்காரர், தங்கமான மனுஷன். தரகர் போட்ட கார்டு முந்தின நாளே வந்துவிட்டது, பெண்வீட்டு ஆள் வருகிறது, சூதானமாக இரு என்று. நான் பை சாரிடம் போய் அழாத குறையாக நின்றேன். அவர் அரை மணி நேரத்துக்கு நாற்காலியைத் தந்துவிட்டு டீ குடிக்கப் போனார். மணி அடித்ததும் ஓடிவந்து சல்யூட் அடித்தானே பியூன், அவன் என்னோடு ஒரே அறையில் பாய் போட்டுப் படுத்தவன். பட்டாளத்தில் அடிப்பதுபோல அடித்துத் தொலைத்தான், எனக்கே உட்கார்ந்த இடத்தில் ஆடிப்போய்விட்டது. என்னுடைய வேலை கீழே குடோனில். மலையிலிருந்து வருகிற தேயிலைப் பெட்டிகளின் மேல், தகரத்தில் வெட்டிய அச்சை வைத்துக் கறுப்புப் பெயின்டால் எஸ்டேட்டின் பெயர், ரகம், எடை எல்லாம் போடவேண்டும். போய்ச் சேரவேண்டிய துறைமுகத்தின் பெயரையும் பெட்டி எண்ணையும் மட்டும் பிரஷ்ஷால் கையால் எழுதவேண்டும். மார்க்கர் என்பார்கள். ஆபீசரும் இல்லை, கிளார்க்கும் இல்லை, செருப்புப் போட்டுக்கொண்டு நிற்கிற வேலைகூட இல்லை மச்சான்.

அரை மணி நேரத்துக்கு வாங்கின நாற்காலியிலிருந்து நாற்பத்தொரு வருஷமாக இறங்க முடியவில்லை. கல்யாண அழைப்பிதழில் உங்கள் அப்பாவே ‘கொச்சி ஆபீசர்’ என்று அச்சடித்துவிட்டார். இரண்டு வருஷத்தில் கம்பெனியைப் பூட்டினார்கள், நான் ஊருக்கு வந்து நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் வக்கீல் குமஸ்தாவாக முப்பது வருஷம் நின்றேன். ஆனாலும் ஊரில் எனக்கு இன்றைக்கும் கொச்சி ஆபீசர் என்றுதான் பெயர். அதைக் காப்பாற்ற நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. காலையில் இங்கிலீஷ் பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அதற்குள்ளே மலையாளப் பேப்பரை வைத்து வாசிப்பேன். மழையிலும் ஷூ போட்டுக் கோர்ட்டுக்குப் போவேன். வீட்டில் ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கக்கூட ஆள் வைத்தேன், நான் பிரஷ்ஷைப் பிடித்தால் பழக்கம் காட்டிக்கொடுத்துவிடுமே என்று. சுகிர்தபாய் வருஷத்துக்கு ஒருதடவை கேட்பாள், நீங்கள் வேலை பார்த்த ஆபீசை எனக்கு ஒருக்கால் காட்டுங்கள் என்று. அதைக் கடல் எடுத்துக்கொண்டுபோய்விட்டது என்று சொல்லிவைத்தேன். பொழியூரில் வருஷா வருஷம் கடல் வீட்டை எடுப்பதைப் பார்க்கிறவள் ஆனதால் நம்பிவிட்டாள், ஐயோ பாவம் என்று வருத்தம்கூடப் பட்டாள்.

இப்படி இருக்கையில்தான் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர் ரத்னபாய் டீச்சர், ஃபோர்ட் கொச்சிக்கு ஒருநாள் சுற்றுலா, கைடு உண்டு, புருஷன்மாரும் வரலாம் என்று கோவிலில் அறிக்கை வாசித்தார். நான் காது கேளாதவன்போல பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் இவள் இரண்டு பேருடைய பெயரையும் கொடுத்துவிட்டு, பீரோவிலிருந்து நீலக்கரைச் சேலையை எடுத்து வெயிலில் போட்டுவிட்டாள். முழங்கால் என்றேன். பஸ்ஸில் இருந்துகொண்டுதானே போகிறோம் என்றாள். கடல் எடுத்த இடத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்றேன். அந்தக் கடலையாவது பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள்.

எட்டு நாளைக்கு முன்னே, சனிக்கிழமை விடியுமுன்னே வண்டி எடுத்தோம். ரத்னபாய் டீச்சர் என்னை முன் சீட்டில், டிரைவருக்குப் பின்னால் உட்காரவைத்து மைக்கைக் கையில் தந்துவிட்டார், கொச்சியை ஆண்ட மனுஷன் நம்மோடு இருக்கும்போது நமக்கு என்ன குறை என்று. ஆலப்புழை வரைக்கும் நான் கொச்சியை ஆண்டுகொண்டே போனேன். தோப்பும்படியில் கைடு ஏறினாள். அனகா என்று பெயர், இருபத்தைந்து வயது இருக்கும், இடுப்பில் சின்ன ஸ்பீக்கர், மலையாளத்தில் தொடங்கி இங்கிலீஷில் முடிக்கிற பேச்சு. அன்றைக்கு எங்கெல்லாம் போகிறோம் என்று வாசித்தாள். முதலில் ஃபிரான்சிஸ் கோவில், பிறகு சீனவலை, சாப்பாடு, டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். நாலு மணிக்குக் கல்வத்தியில் ஒரு பழைய தேயிலைக் குடோன், இப்போது ஹோட்டலாக்கி, சுவரெல்லாம் அந்தக் காலத்துப் படங்கள் மாட்டிவைத்திருக்கிறார்களாம், வெளியாட்களை ஐந்து மணி வரைதான் உள்ளே விடுவார்களாம் என்று சொல்லி, கம்பெனியின் பெயரையும் சொன்னாள். என் கம்பெனி. கையிலிருந்த மைக்கை அணைத்து மடியில் வைத்துக்கொண்டேன். பின்னாலிருந்து சுகிர்தபாய் என் தோளைத் தொட்டு, கடல் எடுக்கவில்லை போலிருக்கிறதே என்றாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். நான் அந்த நிமிஷம் ஒன்றைத் தீர்மானித்தேன். எப்படியாவது ஐந்து மணியைத் தாண்டவைக்க வேண்டும்.

கோவிலில் வாஸ்கோடகாமாவைப் புதைத்த குழி தரையில் இருக்கிறது, சுற்றிலும் பித்தளைக் கம்பி. அனகா வாய் திறக்குமுன் நான் எங்கள் பழைய உபதேசியாரின் காதில், உபதேசியாரே, ஒரு கல்லறைமுன் வந்து நின்றுவிட்டு ஒரு ஜெபம் இல்லாமல் போனால் நன்றாக இருக்குமா, இதுவும் நம்முடைய சபைக் கோவில் அல்லவா என்று போட்டுவிட்டேன். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். அவர் ரிட்டயர் ஆகி ஆறு வருஷமாக அடக்க ஆராதனை நடத்தக் கை துருதுருத்துக்கொண்டிருக்கிற மனுஷன். கண்ணை மூடினார். ஆதாமில் தொடங்கினார். மரித்தவருடைய குடும்பத்தாரைத் தேற்றும்படி கேட்டார், அவர்களுடைய பிள்ளைகளின் படிப்புக்காகக் கேட்டார், வெளிநாட்டில் இருக்கிற உறவுக்காரர்களை ஒருவர் விடாமல் கேட்டார். பிறகு அடக்கப் பாட்டு, எல்லாச் சரணமும். இரண்டு வெள்ளைக்காரர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு எங்களோடு நின்றார்கள், ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்தாள். ஆமென் சொன்ன பிறகு அனகா ரொம்ப மரியாதையாக, இந்தக் குழியில் இப்போது யாரும் இல்லை, புதைத்துப் பதினாலு வருஷத்தில் எலும்பைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று சொன்னாள்.

உபதேசியாரின் முகம் கறுத்துவிட்டது. “ஆளு இல்லாத குழிக்கா மக்கா நாம இம்புட்டு நேரம் செபிச்சோம்?” என்றார்.

“செபம் வீணாப் போவாது உபதேசியாரே. அங்கோட்டு எத்திக்கிடும்” என்று ரத்னபாய் டீச்சர் சமாதானம் சொன்னார்.

எனக்கு முக்கால் மணி நேரம் லாபம். அடுத்து சீனவலை. அங்கே நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை, ஒரு மீன் தட்டைக் காட்டி, பார்க்க நல்ல மீனாக இருக்கிறதே என்று பொதுவாகச் சொன்னேன், அவ்வளவுதான். சங்கத்துப் பெண்கள் பதினெட்டுப் பேரும் இறங்கிவிட்டார்கள். தினமும் பொழியூர்ச் சந்தை மீனைத் தின்று வளர்ந்த கூட்டத்தை மீன்காரர் ஏமாற்ற முடியுமா? ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணை அமுக்கிப் பார்த்து, இது ஐஸில் கிடந்தது, இது நேற்றையது, இதற்கு வயிறு உடைந்திருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லி, கடைசியில் ஒருவரும் ஒரு மீன்கூட வாங்காமல், அந்த ஆளுக்கு மீன் எப்படி வைக்க வேண்டும் என்று பாடமும் எடுத்துவிட்டு வந்தார்கள். சீனவலை மூன்று தடவை தண்ணீரில் இறங்கி ஏறியது, திரும்பிப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. அனகா கடிகாரத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

சாப்பாடு ஆனதும் மணி மூன்றரை. இன்னும் கொஞ்சம் இழுத்தால் போதும். டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் பூட்டின கேட்டுக்கு முன்னால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இனி ஓரடி வைக்க ஏலாது, நீங்களெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் இங்கே மரத்தடியில் இருக்கிறேன் என்றேன். ஆபீசரை விட்டுவிட்டு யாரும் போகமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். எல்லோரும் குடோனைப் பார்க்க நடந்தார்கள். சுகிர்தபாய் நடக்கவில்லை. “நீங்க இல்லாம நான் அங்க போயி என்னத்தப் பாக்க?” என்று பக்கத்தில் உட்கார்ந்து என் காலைத் தடவ ஆரம்பித்துவிட்டாள். வலியில்லாத கால் மச்சான் அது. அன்றைக்கென்று ஒரு துளி வலி கிடையாது.

அந்தத் தூங்குமூஞ்சி மரத்தடியில் இருந்த பத்து நிமிஷத்தில் எனக்கு வேறொன்று நடந்தது. காற்று திரும்பி அடித்தது, மட்டாஞ்சேரிப் பக்கமிருந்து சுக்கு வாசனை வந்தது. இருபது வயதில் காரோட்டிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கின அன்றைக்கு மூக்கில் ஏறின அதே வாசனை. காலையில் படகு சங்கு ஊதினால் குடோனைத் திறப்போம். பெட்டிகளை அடுக்குவார்கள், நாங்கள் ஐந்து பேர் பெயின்ட் டின்னோடு வரிசையில் இறங்குவோம். லண்டன், ஹாம்பர்க், அலெக்சாண்டிரியா, ஒடெஸ்ஸா என்று எழுதுவேன். ஒடெஸ்ஸா எங்கே இருக்கிறது என்று ஒருநாள் பை சாரிடம் கேட்டேன், அவர் வேலையை நிறுத்திவிட்டு ஒரு பழைய காலண்டரின் படத்தில் விரல் வைத்துக் காட்டினார். அதற்குப் பிறகு அந்தப் பெட்டிகளை மட்டும் கொஞ்சம் அழகாக எழுதுவேன், இவ்வளவு தூரம் போகிறதே என்று. என் எட்டு என்ற எண்ணைப் பார்த்தால் போதும், கப்பலில் ஏற்றுகிறவர்கள் இது தாஸ் எழுதினது என்று சொல்வார்களாம். சாயங்காலம் மண்ணெண்ணெய் போட்டுக் கையைக் கழுவி, அயலைக் குழம்பும் சோறும் தின்று, ஐந்து பேரும் படித்துறையில் கால் தொங்கப்போட்டு இருப்போம். நான் சந்தோஷமாக இருந்தேன் மச்சான். அதை இத்தனை வருஷமாக ஒருவரிடமும் சொன்னதில்லை. ஆபீசர் வேலையைப் பற்றி ஆயிரம் புளுகு சொல்லியிருக்கிறேன், இதை ஒருநாளும் சொல்ல முடிந்ததில்லை. பக்கத்தில் இருந்து காலைத் தடவிக்கொண்டிருந்தவளிடம் சொல்லிவிடலாமா என்று வாய்வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை.

அதற்குள் அனகா திரும்பி ஓடிவந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளைக்கு மனம் இளகிவிட்டது. “அங்கிள் விஷமிக்கண்டா, ஞான் ஓட்டோ விளிக்காம்” என்று தேற்றிவிட்டு, நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஒரு ஆட்டோவை நிறுத்தி எங்கள் இரண்டு பேரையும் ஏற்றித் தானும் டிரைவருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். மற்றவர்கள் நடந்து வரட்டுமாம். இப்படியாக, அங்கே போகவே கூடாது என்று காலை முதல் பாடுபட்ட நான், எல்லோருக்கும் முன்னால், ஐந்து மணிக்கு முக்கால் மணி நேரம் பாக்கியிருக்க, கல்வத்தியில் போய் இறங்கினேன்.

கட்டடம் அப்படியே நிற்கிறது. உள்ளே வெள்ளையடித்து, குண்டு குண்டாக விளக்குத் தொங்கவிட்டு, நாங்கள் பெட்டி அடுக்கின இடத்தில் மேஜை போட்டிருக்கிறார்கள், வெள்ளைக்காரப் பெண்கள் காபி குடிக்கிறார்கள். நடுவில் பட்டுக்கயிறு கட்டி அதற்குள்ளே ஒரே ஒரு தேயிலைப் பெட்டி, பக்கத்தில் ஒரு அச்சுத் தகடும் ஒரு பிரஷ்ஷும் காட்சிக்கு. வடக்குச் சுவரில் கதவளவு பெரிய படம். எண்பத்தொன்றில் ஒரு வெளிநாட்டு அம்மாள் கேமராவோடு வந்து, சிரிக்காதீர்கள் சிரிக்காதீர்கள் என்று கையால் காட்டிக் காட்டி எடுத்த படம். நாங்கள் சிரித்துவிட்டோம். ஐந்து பேர், மடித்துக்கட்டின வேட்டி, செருப்பில்லாத கால், கையில் பிரஷ். இடமிருந்து மூன்றாவது ஆள் கன்னத்தில் கறுப்புப் பெயின்டோடு எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறான். கீழே, தேயிலைப் பெட்டி மார்க்கர்கள் என்று மலையாளத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. அனகா மற்றவர்களுக்கு வழிகாட்ட வாசலுக்குப் போய்விட்டாள். சுகிர்தபாய் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டாள். கிட்டப் போனாள். நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னைப்போல ஒருத்தன் அங்கே இருந்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன், இன்னொரு புளுகு வரவில்லை. நாற்பத்தொரு வருஷம் என் ஷூவைத் துடைத்துவைத்தவள் மச்சான். இனி இவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அவள் திரும்பவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “மூணாமத்த ஆளு நீங்கதானே?”

பிறகுதான் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“எனக்கு அப்பவே அறியாம்” என்றாள். “அண்ணன் கல்யாணத்துக்கு முந்தியே எங்கிட்ட சொல்லியாச்சு. ஆபீசர் ஒண்ணுமில்ல, பெட்டிக்கு எழுதுத ஆளாக்கும் எண்ணு. நான்தான் சரி எண்ணு சொன்னேன். நீங்க இத்தனை காலமும் இதுக்கா பயந்திட்டு இருந்திய?”

மச்சான், நான் அந்த ஹோட்டலில், காபி குடிக்கிற பெண்களுக்கு நடுவில் நின்று அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன். அவள் சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கும்போதே ரத்னபாய் டீச்சர் தலைமையில் படை வந்துவிட்டது, ஆபீசர் இருந்த ரூம் ஏது என்று கேட்டுக்கொண்டு. சுகிர்தபாய் என் கையைப் பிடித்து இழுத்துப் படத்துக்கு நேராக நிறுத்தினாள். லண்டனுக்குப் போன தேயிலைப் பெட்டிக்கெல்லாம் பெயர் எழுதினது இந்தக் கை என்று எல்லோரும் கேட்கச் சொன்னாள். யாராவது கேலி செய்வார்கள் என்று பார்த்தேன். உபதேசியார் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஆபீசராக இருந்ததைவிட இதில் ஆள் கொள்ளாம், நல்ல லட்சணம் என்றார். எல்லோரும் என்னை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அனகா, பிரஷ்ஷை எப்படிப் பிடிப்பீர்கள் அங்கிள் என்று கேட்டாள். அவள் கேட்டது பிடித்துக் காட்டத்தான். ஆனால் பக்கத்தில் ஜன்னல் கம்பிக்கு யாரோ கறுப்புப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள், அந்த டின்னை உபதேசியார் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார், சுகிர்தபாய், என் பேரை எழுதுங்கள் என்றுவிட்டாள். நான் பட்டுக்கயிற்றுக்குள் போய்க் குனிந்தேன். கை ஒன்றையும் மறக்கவில்லை. அந்த மூடியில் இத்தனை வருஷத்தில் முதல்முதலாகத் தமிழில், ஒடெஸ்ஸாவுக்கு எழுதுவதைவிட அழகாக, சுகிர்தபாய் என்று எழுதி முடித்து நிமிர்ந்தால் மேனேஜர் நிற்கிறார். அவருக்கு மூச்சே வரவில்லை. அந்தக் கம்பெனியின் பெட்டிகளில் உலகத்தில் மிச்சமிருப்பது அது ஒன்றுதானாம். அனகா அவரைப் படத்தின் முன்னால் கூட்டிக்கொண்டுபோய், மூன்றாவது ஆளைக் காட்டி என்னவெல்லாமோ சொன்னாள். அவர் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, அது அப்படியே இருக்கட்டும் என்றார். எங்கள் எல்லோருக்கும் காபி தந்தார். கசப்பு, ஆனாலும் குடித்தோம்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரமாக யோசித்துப் பார்க்கிறேன். எனக்கு இப்போதுதான் ஒவ்வொன்றாகப் பிடிபடுகிறது. அன்றைக்கு நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்து நீங்கள் என் நகத்தைப் பார்த்தீர்கள். மண்ணெண்ணெய்க்குப் போகாத கறுப்பு நகக்கண்ணில் இருந்தது. என்ன வேலை என்று கேட்டதற்கு எக்ஸ்போர்ட் என்று சொன்னேன், நீங்கள் டீ கிளாஸுக்குள்ளே ஒரு சிரிப்புச் சிரித்தீர்கள். எல்லாம் தெரிந்த சிரிப்பு அது, எனக்குத்தான் அன்றைக்குப் புத்தியில்லை. தெரிந்தும் என்னை அவமானப்படுத்தாமல் எழுந்து போய், தங்கையிடம் மட்டும் உள்ளதைச் சொல்லி, அவள் சம்மதம் வாங்கி, இத்தனை வருஷம் ஒரு வார்த்தை வெளியே விடாமல் இருந்தீர்களே, உங்களைப் போல ஒரு மச்சான் யாருக்குக் கிட்டும்? உங்களிடம் கோபமும் உண்டு. ஒரு வார்த்தை என் காதில் போட்டிருந்தால் அந்த இங்கிலீஷ் பேப்பர் இழவை இத்தனை காலம் தூக்கிப் பிடித்திருக்க வேண்டாம். நேற்றோடு நிறுத்திவிட்டேன். ஜன்னலுக்கும் நானே பெயின்ட் அடிக்கிறேன், பச்சை.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. பெட்டிக்கு எழுதுகிறவன் என்று நீங்கள் சொன்னதும் அவள் என்ன சொன்னாள்? சரி என்று சொன்னதாக மட்டும் சொல்கிறாள். அதற்கு மேல் கேட்டால் அடுப்பில் வேலையிருக்கிறது என்று போய்விடுகிறாள். அவள் சொன்ன வார்த்தை எனக்கு வேண்டும் மச்சான், இந்த வயதில் அது எனக்குப் பெரிய காரியம். மறக்காமல் எழுதுங்கள்.

ஜிஜிக்கும் மருமகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு முத்தங்கள். உங்களுக்குச் சுகத்தையும் நீண்ட ஆயுசையும், முடிந்தால் கொஞ்சம் காதையும் ஆண்டவர் திரும்பத் தருவாராக. கீழே மிச்சமிருக்கிற இடத்தில் சுகிர்தபாய் தன் விசாரிப்பை எழுதி உறையில் போட்டு ஒட்டுவாள். அண்ணன் தங்கை காரியம், நான் வாசிக்க மாட்டேன்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மச்சான்,
கா. கனகதாஸ்
(முன்னாள் மார்க்கர், கொச்சி)

பின்குறிப்பு: அண்ணா, சுகிர்தபாய் எழுதுதேன். அவரு குளிக்கப் போயிருக்காரு, வேகம் எழுதி முடிக்கேன். எழுதினது எல்லாம் வாசிச்சேன். நீங்க எங்கிட்ட ஒண்ணும் சொல்லேல்ல. உங்களுக்கே அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க அன்னைக்குக் கொச்சியிலேருந்து வந்து, பெரிய உத்தியோகம், இவளுக்கு இதுக்கு மேல கிட்டாது எண்ணு அப்பாகிட்ட சொன்னது எனக்கு இப்பவும் காதுல உண்டு. அந்தப் படத்தப் பாத்த பெறவுதான் நானே அறிஞ்சேன். எனக்கு நல்ல கோவம் வந்தது அண்ணா. நாலு கேள்வி கேக்கணும் எண்ணுதான் திரும்பினேன். மூஞ்சியப் பாத்தேன். படத்துல நிக்குத பையன் அப்படிச் சிரிக்கான், இஞ்ச இந்த மனுசன் செத்தவன் மாதிரி நிக்காரு. அப்போ வாயில வந்த பொய்யாக்கும் அது. மொத்தச் சபையும் வாற நேரம், வேற என்ன செய்ய? அதுனால நீங்களும் ஒரு பொய் சொல்லணும், ஆண்டவரு மன்னிப்பாரு. அவரு கேட்டதுக்குப் பதில் இப்படி எழுதுங்க: “பெட்டிக்கு எழுதினா என்ன, ஆளு நல்ல ஆளு எண்ணா எனக்கு அது போதும் எண்ணு சொன்னா.” நெசமாவே அன்னைக்கு நீங்க வந்து சொல்லியிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேனோ, எனக்குத் தெரியாது. வேண்டாம் எண்ணுகூட சொல்லியிருப்பேன். இப்போ கேட்டா, ஆளு நல்ல ஆளு, எனக்கு அது போதும் எண்ணுதான் சொல்லுவேன்.